பேனாக்கத்தி வைக்காத படம்

கோழிக்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருஷமாக "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவள் ருக்கியா. ஊரார் மூச்சையெல்லாம் பிடிக்கத் தெரிந்தவளுக்குத் தன் வாயை மட்டும் பிடிக்கத் தெரியாது என்று அங்கே ஒரு கிண்டல் உண்டு. அதை அவள் காதுபடச் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. உடைந்த கையோடு வரிசையை மீறி உள்ளே வந்த ஒரு கட்சிக்காரரை, திரும்பப் போய்க் கடைசியில் நிற்க வைத்தவள் அவள். நாலு பேர் கூட வந்து கத்தினார்கள். அவளும் கத்தினாள். கடைசியில் அந்த ஆள் வரிசையில்தான் நின்றார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிக்கு இடுப்பே உடைந்திருந்தது, அவள் வாய் திறக்கவில்லை. அப்புறம் கோபம் வராமல் என்ன செய்யும்?

வேலை இல்லாத நேரத்தில் அவள் நீர்வண்ணத்தில் படம் வரைவாள். பெரிய ஓவியக்காரி ஒன்றும் இல்லை. அவளே அதை ஒத்துக்கொள்வாள். ஆனால் 'சாயக்கூட்டு' என்றால் கண்ணூரிலிருந்து கொல்லம் வரை தூரிகை பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஃபேஸ்புக்கில் இருபத்திரண்டாயிரம் பேர் இருக்கிற ஓவியக் குழு. ஒன்பது வருஷமாக அதைக் கட்டி மேய்க்கிறவர்கள் இரண்டே பேர்: ருக்கியாவும், தோஹாவில் வேலை பார்க்கிற பிரமோதும். "சம்பளம் இல்லாத போலீஸ்" என்பான் அவள் புருஷன் ஹம்சா. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் போன் இருக்கும். மத்தி வறுவல் ஆறிப்போகும்.

தொடக்கத்தில் அந்தக் குழுவில் நடந்ததெல்லாம் அடிதடிதான். ஒருத்தர் சூரிய அஸ்தமனம் போடுவார், இன்னொருத்தர் "யாரோ முட்டை உடைத்துவிட்டார்கள்" என்று எழுதுவார், முதல் ஆள் இரண்டாம் ஆளின் தகப்பனாரை இழுப்பார். இதற்கு முடிவு கட்ட ருக்கியா கொண்டுவந்ததுதான் பேனாக்கத்திச் சட்டம். தன் படத்தில் மற்றவர்கள் குறை சொல்லலாம் என்று நினைக்கிறவர் அதற்குக் கீழே ஒரு சின்னப் பேனாக்கத்திப் படம் வைக்க வேண்டும், பென்சில் சீவுகிற கத்தி. கத்தி இருந்தால் தாராளமாகச் சீவலாம். கத்தி இல்லையென்றால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லு, இல்லை வாயை மூடிக்கொண்டு நகர்ந்து போ. அதே மாதிரி, ஒருவர் படத்தைக் காப்பி என்று சந்தேகப்பட்டால் பொதுவில் கூவக் கூடாது. முதலில் அவருக்குத் தனியே எழுத வேண்டும், பதில் சொல்ல மூன்று நாள் தர வேண்டும், காப்பிதான் என்றால் மூலப் படத்துக்காரர் பெயரைப் போட வைக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளால்தான் 'சாயக்கூட்டு' இத்தனை வருஷம் மனிதர்கள் புழங்குகிற இடமாக இருந்தது. அதில் ருக்கியாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வேலாயுதனைக் குழுவுக்குள் கூட்டிவந்தவள் அவள்தான். ஃபெரோக்கில் ஓட்டுத் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் களிமண் பிசைந்த மனுஷன். நெஞ்சில் தூசி அடைத்து எக்ஸ்ரே எடுக்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் ஃபிலிம் உறையின் பின்பக்கம் பேனாவால் எதிரே இருந்த தண்ணீர்க் குழாயை வரைந்து வைத்திருந்தார். சொட்டு விழப் போகிற குழாய். ருக்கியா அந்த உறையைக் கையில் வாங்கியவள் நெஞ்சுப் படத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். ஒரு வண்ணப் பெட்டியும் தாளும் அவளே வாங்கிக்கொடுத்து, அவர் போனில் குழுவையும் சேர்த்துவிட்டாள்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மோளே. நாலு பேரு சிரிச்சா?"

"யாரு சிரிப்பா? அங்க நான் இருக்கேன் வேலாயுதேட்டா. நீங்க போடுங்க."

மூன்று மாதம் கழித்து அவர் தன் முதல் படத்தைப் போட்டார். அவர் மனைவி கார்த்தியாயனி சமையலறை வாசலில் உட்கார்ந்து மீன் செதிள் உரிக்கிறாள். நைட்டி, தோளில் துண்டு, குனிந்த முகம். நிறம் தளும்பி ஓரங்களில் ஓடியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கை! கத்தியைப் பிடித்திருக்கிற அந்தக் கையைப் பார்த்தால் அவள் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று தெரிந்துவிடும். கீழே "என் பொஞ்சாதி" என்று மட்டும் எழுதியிருந்தார். பேனாக்கத்தி வைக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீகண்டன் மாஷ் வந்தார். ஓவியக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதிப் பேருக்கு அவர் குரு, மீதிப் பேர் அவருக்குச் சிஷ்யர்களாக ஆசைப்படுகிறவர்கள். அவர் எழுதியது ஒரே வரி: "நனைந்த சாக்குமூட்டைக்கு நைட்டி மாட்டிவிட்டது யார்?"

சாயங்காலத்துக்குள் அந்த வரிக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். ருக்கியா எண்ணினாள். ஒவ்வொருத்தர் பெயராகப் படித்தாள். அவள் கையால் வளர்ந்தவர்கள், அவள் பாராட்டி எழுதிய முதல் வரியைச் சட்டம் போட்டு மாட்டிவைக்க வேண்டும் என்று சொன்னவர்கள், எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாஷின் வரியை மறைத்துவைத்தாள். அரை மணியில் அது திரும்ப வந்துவிட்டது. பிரமோதைக் கூப்பிட்டாள்.

"யாருடா அதத் திரும்ப வச்சது?"

"நான்தான் ருக்கியாத்தா. மாஷ் சங்கடப்பட்டுட்டாரு. அவரு மாதிரி ஒருத்தர் நம்ம குழுவுல இருக்கறதே பெரிய விஷயம் இல்லையா?"

"கத்தி வச்சிருந்தாரா வேலாயுதேட்டன்?"

"இல்ல, ஆனா..."

"வச்சிருந்தாரான்னு கேட்டேன்."

"அவருக்குன்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் இத்தா. பெரியவங்க."

"பெரியவனுக்கு ஒரு சட்டம், ஓட்டுக் கம்பெனிக்காரனுக்கு ஒரு சட்டமா? அப்ப எதுக்குடா சட்டம்? கிழிச்சு அடுப்புல போடு!"

அவள் போனை வைத்தபோது வேலாயுதனின் அழைப்பு காத்துக்கொண்டிருந்தது. குரல் அடங்கிப்போயிருந்தது. பதற்றத்தில் அவர் குழுவைவிட்டே விலகியிருந்தார். புதிதாய் வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. வெளியே போனவரால் உள்ளே இருக்கிற தன் படத்தைத் தொட முடியாது. படம் அங்கேயே கிடந்தது, சிரிப்பும் கிடந்தது.

"மோளே, அத எடுத்திரு. அவ மொகம் அதுல இருக்கு."

"எடுக்க மாட்டேன் வேலாயுதேட்டா. எடுத்துட்டா அந்தாளு செஞ்சதுக்குச் சாட்சியே இல்லாமப் போயிரும். அவரே வந்து, அதே எடத்துல, அந்தப் படத்துக்குக் கீழயே மன்னிப்புக் கேப்பாரு. நான் கேக்க வைப்பேன்."

"எனக்கு மன்னிப்பெல்லாம்..."

"நீங்க பேசாம இருங்க. இது உங்க ஒருத்தர் விஷயமில்ல."

அவர் பேசாமல்தான் இருந்தார். ருக்கியா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மாஷுக்கு மரியாதையாக இரண்டு முறை எழுதினாள். பதில் இல்லை. மூன்றாம் முறை மரியாதை கொஞ்சம் குறைந்தது. அதற்கும் பதில் இல்லை. பத்து நாள் கழித்து மாஷ் ஒரு படம் போட்டார். புதியாப்பத் துறைமுகத்தில் மீன் ஏலம். ஈரத் தரை, கூடை கூடையாய் அயிலை, நடுவில் ஏலம் கூறுகிறவரும் சுற்றி ஐந்து மாப்பிள்ளைமாரும், எல்லாம் மலபார் முஸ்லிம்கள். பிரமாதமான படம்தான், அதில் பொய் சொல்ல முடியாது. கீழே பெரிய அடக்கத்தோடு ஒரு பேனாக்கத்தி வைத்திருந்தார். சீவுங்கள் என்று அர்த்தம். ஆயிரத்துக்கு மேல் வந்து கும்பிட்டார்கள். சீவ ஒருத்தருக்கும் கை வரவில்லை.

ருக்கியா அந்தப் படத்தை வெறுப்போடுதான் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. தொப்பி போட்டவர்களும் தாடிக்காரர்களுமாக ஆறு மாப்பிள்ளைமார், ஆறு பேரும் முண்டு வேட்டியை வலப்பக்கம் செருகியிருந்தார்கள். மலபாரில் முஸ்லிம்கள் இடப்பக்கம் செருகுவார்கள், இந்துக்கள் வலப்பக்கம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவள் வாப்பா அப்படி, ஹம்சா அப்படி. ஒருவர் மாறிக் கட்டலாம், ஆறு பேருமா? சட்டைப் பைகளைப் பார்த்தாள். எல்லாம் வலது மார்பில். ஏலக்காரர் இடது கையால் எழுதுகிறார். இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. இது திருப்பிப் போட்ட படம்.

போனில் படத்தை இடவலம் மாற்றித் தேடினாள். இரண்டே நிமிஷம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு போட்டியில் பரிசு வாங்கிய புகைப்படம். பொன்னானிக்காரப் பையன் ஒருவன் எடுத்தது. அதே ஆறு பேர், அதே கூடைகள், முண்டு சரியான பக்கம்.

விதிப்படி மாஷுக்குத் தனியே எழுதினாள், இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து. பத்து நாளாகப் பதில் சொல்லாதவர் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"ருக்கியா மேடம்தானே? இந்தக் காலத்துல புகைப்படம் பாக்காம யாரு வரையறா?"

"பாத்து வரைங்க மாஷே. எடுத்தவன் பேரச் சொல்லுங்க. எதுக்குத் திருப்பிப் போட்டு மறைக்கறீங்க?"

"எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்குக் கலையப் பத்தி என்ன தெரியும்னு நான் கேக்கல..."

"கேளுங்களேன். எங்க வேலையில எடது பக்கத்த வலதாப் போட்டா நல்லா இருக்கற கால வெட்டிருவாங்க மாஷே. அதான் கண்ணுல பட்டுச்சு."

"சரி, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அந்தப் பொன்னானிப் பையனின் பெயரைப் போடுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். விதி அதுதான், அவளே எழுதிய விதி. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வேலாயுதேட்டன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. எல்லாரும் பாக்கக் கேளுங்க. இத நான் வெளிய விட மாட்டேன்."

"வேலாயுதனா? அது யாரு?"

ஒரு மனுஷனின் வீட்டுக்குள் கல்லெறிந்துவிட்டு, எறிந்ததே நினைவில்லாமல் தூங்கியிருக்கிறார் இந்த ஆள். சாக்குமூட்டை என்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது. "ஓ, அதுவா!" என்று சிரித்தார். நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்றார்.

போட்டார். இரண்டு பக்கத்துக்கு ஒரு மன்னிப்பு. தூரிகையோடு வாழ்ந்து தன் நாக்கும் கூராகிவிட்டதாம். கற்றவன் கல்லாதவனிடம் தாழ்ந்து நிற்பதுதான் கலையாம். தன் தவறை மறைக்க விரும்பாததால் அந்த ஓவியத்தையும் தான் எழுதிய வரியையும் இங்கே எல்லோர் பார்வைக்கும் வைக்கிறாராம். கீழே கார்த்தியாயனியின் படம், முதலில் வந்ததைவிடப் பெரிதாக. அதன்மேல் சாக்குமூட்டை வரி. நாலாயிரம் பேர் இதயம் போட்டார்கள். "எவ்வளவு பெரிய மனசு மாஷே!" "உங்கள் காலில் விழ வேண்டும்!" நடுநடுவே, "ஆனாலும் சாக்குமூட்டை சரியாகத்தான் இருக்கிறது" என்று கண்ணடித்துப் போனவர்களும் உண்டு. வேலாயுதனின் பெயர் அந்த இரண்டு பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. 'ஒரு எளிய தொழிலாளி' என்றுதான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கிற சாக்கில் மாலை போட்டுக்கொண்டு போகிறான் இந்த மனுஷன்! ருக்கியா கொடுத்த வாக்கும் போயிற்று, நிதானமும் போயிற்று. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, மாஷின் துறைமுகப் படத்துக்குக் கீழே எழுதினாள்: "மாஷ் கத்தி வைத்திருப்பதால் சொல்கிறேன். படம் அருமை. ஆனால் ஆறு மாப்பிள்ளைமாரும் முண்டு வேட்டியை வலப்பக்கம் செருகியிருக்கிறார்கள், ஆறு பேருக்கும் சட்டைப் பை வலப்பக்கம். படத்தைத் திருப்பிப் பார்த்தால் சரியாகிவிடும். எல்லோரும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்." பாராட்டு, குறை, திருத்தம். கத்திச் சட்டத்தில் ஒரு வரி பிசகவில்லை.

திருப்பிப் பார்த்தார்கள். அரை நாளில் பொன்னானிப் பையனின் புகைப்படம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு 'சாயக்கூட்டில்' நடந்தது ஓவியச் சர்ச்சை இல்லை, தெருச்சண்டை. மாஷின் சிஷ்யர்கள் ஒரு பக்கம், அவரிடம் எப்போதோ அவமானப்பட்டவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டம் தான் நினைத்ததைவிடப் பெரிது என்று ருக்கியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களில் யாரோ ஒருத்தி தன் முகப்புப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேலாயுதனின் ஓவியத்தை வைத்து, "நானும் சாக்குமூட்டைதான்" என்று எழுதினாள். நூறு பேர் வைத்தார்கள், முந்நூறு, அறுநூறு. ருக்கியாவும் வைத்தாள். பார்க்கிற இடமெல்லாம் மீன் உரிக்கிற கார்த்தியாயனி. ஸ்ரீகண்டன் மாஷ் "அற்பர்களின் கூடாரம்" என்று எழுதிவைத்துவிட்டுக் குழுவைவிட்டுப் போனார். பிரமோத் இரண்டு நாள் ருக்கியாவோடு பேசவில்லை. அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. வேலாயுதன் போனை எடுக்கவே இல்லை என்பதால் ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ஃபெரோக்குக்கே போனாள். அவர் வாசலுக்கு வந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"பாத்தீங்களா வேலாயுதேட்டா? அறுநூறு பேரு! அந்தாள ஓட ஓட விரட்டியாச்சு."

அவர் தரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னாலிருந்து கார்த்தியாயனி வந்தாள். கையில் செதிள் ஒட்டியிருந்தது. படத்தில் பார்த்த அதே கை. ருக்கியா அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீதானா அந்த எக்ஸ்ரேக்காரி?"

"ஆமா சேச்சி..."

"ரேஷன் கடையில நிக்கறேன், ஒரு பொண்ணு போனப் பாத்துட்டு என்னையப் பாக்குது. சேச்சி, சாக்குமூட்டை நீங்கதானேங்குது. சந்தோஷமாக் கேக்குது, பாத்துக்கோ. என்னமோ எனக்குப் பட்டம் கெடச்ச மாதிரி."

"அது உங்களுக்காகத்தான் சேச்சி எல்லாரும்..."

"எனக்காகவா? என்னைய யாரு கேட்டா? இவரு மூணு மாசம் கதவச் சாத்திக்கிட்டு என்னைய உக்கார வச்சு வரைஞ்சாரு. வேணாம், ஊரு பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். ருக்கியா இருக்கா, பாத்துக்குவான்னாரு. அப்புறம் எடுத்திருன்னு உன்கிட்ட போன்ல கெஞ்சினாரே. பக்கத்துல நின்னு கேட்டவ நான்."

ருக்கியா கையிலிருந்த அல்வாப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்தாள்.

"அந்த மாஷ் ஒரு தடவதான் என்னையச் சாக்குமூட்டைன்னான்," என்றாள் கார்த்தியாயனி. "நீ நியாயம் கேக்கறேன்னு என் மொகத்த ஊர் பூரா தூக்கிட்டுப் போய்க் காட்டினே. இப்ப அறுநூறு பேரு சொல்றான். இதுல உனக்கு அல்வா வேற!"

வேலாயுதன் மெல்ல, "விடு" என்றார்.

"என்னத்த விடறது? அந்தப் பெட்டியும் தாளும் பரண் மேல கெடக்கு. இனிமே தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. அதக் குடுத்ததும் நீதான், பறிச்சதும் நீதான்."

ருக்கியா நின்ற இடத்திலேயே போனை எடுத்தாள். குழுவுக்குள் போய் வேலாயுதனின் படத்தையும், மாஷ் தன் மன்னிப்போடு போட்டதையும் அழித்தாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, அவ்வளவுதான். அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம். தன் முகப்பிலிருந்தும் எடுத்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்தது.

கார்த்தியாயனி எட்டிப் பார்த்தாள்.

"உன்னோடது போச்சு. மத்த அறுநூறு?"

"ஒவ்வொருத்தருக்கா எழுதறேன் சேச்சி. பேரு பேரா எழுதி எடுக்கச் சொல்றேன். இப்பவே ஆரம்பிக்கறேன்." ருக்கியா வாசற்படியில் உட்காரப் போனாள்.

"இங்க வேணாம்," என்றாள் கார்த்தியாயனி. அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "உன் வீட்டுல உக்காந்து எழுது." கதவைச் சாத்திக்கொண்டாள்.